ஐயரம்மா பதில்கள்: வாங்கத் தெரியாத கை

எங்கள் பக்கத்துச் சபைகளில் பாஸ்டரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவார்கள்; அந்த ஐயரம்மா நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெருமையைப் பற்றியவை. தன்னுடைய பெருமையைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டுக்காரரின் பெருமை, மாமியாரின் பெருமை, பாஸ்டரின் பெருமை என்று எழுதியவர்களே அதிகம். ஒருவர் தன் சேகரத்திலுள்ள (ஒரு பாஸ்டரின் பொறுப்பிலுள்ள சபைகள் சேர்ந்தது சேகரம்) பெருமைக்காரர்களை வரிசை எண் போட்டு அனுப்பியிருக்கிறார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மற்றவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஐயரம்மாவுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு நாட்டுச் சேவலை என் வீட்டுக்காரர் 11,000 ரூபாய்க்கு எடுத்தார். எதிர்த்துக் கேட்டது அவருடைய பெரியப்பா மகன். இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு உண்டு. அந்த மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவில்லை. கேட்டால், "ஆண்டவருக்குக் கொடுத்ததுக்குக் கணக்குப் பார்க்கிறியா?" என்கிறார். இது காணிக்கையா, வீம்பா? (ஒரு மனைவி, திசையன்விளை பக்கம்)

பதில்: மகளே, இந்த ஏலத்தைப் பார்த்திராத வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. தென் மாவட்டச் சபைகளில் வருஷத்துக்கு ஒரு முறை, விளைந்ததிலும் வளர்த்ததிலும் நல்லதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, முட்டை, சேவல், ஆட்டுக்கிடா என்று எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் போட்டு, பணத்தைச் சபைக் கணக்கில் சேர்ப்பார்கள். கையில் ரொக்கம் இல்லாதவரும் ஒரு சுரைக்காயோடு வந்து காணிக்கை படைக்கலாம் என்பது அருமையான ஏற்பாடு. ஒரு பாட்டி கொண்டுவந்த நாலு முட்டையை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்து, அந்த முட்டையைத் திரும்பப் பாட்டி கையிலேயே கொடுத்துவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, உன் வீட்டுச் சேவலுக்கு வருவோம். அது காணிக்கையா வீம்பா என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி வேண்டுமானால் தருகிறேன். எதிரில் பெரியப்பா மகன் இல்லாதிருந்தால் அந்தச் சேவல் என்ன விலைக்குப் போயிருக்கும்? ஆயிரத்துக்குப் போயிருக்கும் என்றால், ஆயிரம் ஆண்டவருக்கு. மிச்சம் பத்தாயிரம் வரப்புக்கு.

தேவாலயம் கட்டத் தங்கமும் வெள்ளியும் குவிந்து கிடந்தபோது தாவீது ஜெபித்த ஜெபம் நினைவிருக்கிறதா? "எல்லாம் உம்மால் உண்டானது; உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" (1 நாளாகமம் 29:14). கொடுத்தவன் முதலில் வாங்கியவன். நம் சபைகளில் கொடுக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. தான் வாங்கியவன் என்பது நினைவிருக்கிறவர்கள்தான் குறைவு. நான் கொடுத்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்த அந்த நிமிஷத்தில் தாவீதின் ஜெபத்தில் முன்பாதி காணாமல் போய்விடுகிறது.

ஃபீஸ் விஷயத்தில் நீ கணக்குப் பார்த்தது தப்பே இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், "அது கொர்பான், காணிக்கையாகக் கொடுத்தாயிற்று" என்று தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). பெற்றோருக்குப் பொருந்துவது பிள்ளைக்கும் பொருந்தும். அவரிடம் சண்டைக்குப் போகாதே. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வை. அடுத்த பண்டிகைக்கு அவர் மனதில் எவ்வளவு தொகை இருக்கிறதோ, அதைப் பெயர் எழுதாத கவரில் வைத்துக் காணிக்கைப் பையில் போடச் சொல். "பேரில்லாமல் போட்டால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாரானால் உன் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

சேகரக் கமிட்டிக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி விட்டுக்கொடுத்துருவாங்களா?" என்று ஏற்றிவிடுவது யார்? இரண்டு வீட்டுப் பகையில் சபைக்கு வருமானம் பார்ப்பதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கோயிலுக்கு ஆறு சீலிங் ஃபேன் வாங்கிக் கொடுத்தோம். அப்பா நினைவாகப் பெயர் எழுதலாமா? (வாசகர், சாத்தான்குளம்)

பதில்: தாராளமாக எழுதுங்கள். இறக்கையில் எழுதுங்கள். (கோபப்பட வேண்டாம். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல், தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அவரை யாரும் மறந்துவிடவில்லை.)

கேள்வி: பெரிய வியாழன் ஆராதனையில் பாஸ்டர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுகிறார். எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுச் செருப்பும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இது நாடகம்தானே, அம்மா? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: நாடகமாகவே இருக்கட்டும் தம்பி. ஆனால் நீ நாயகனைத் தப்பாகப் பார்க்கிறாய். அடுத்த முறை பாஸ்டரின் கையைப் பார்க்காதே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு பேரின் முகத்தைப் பார். பாஸ்டருக்கு அது பழகிய வேலை, குனிந்தால் முடிந்தது. நெளிகிறவர்கள் காலை நீட்டியவர்கள்தான்.

இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் அப்படித்தான் நெளிந்தார். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றார். கேட்கும்போது எவ்வளவு பணிவாக இருக்கிறது! இயேசு அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார் (யோவான் 13:8). எனக்கு நீர் செய்ய வேண்டாம், நான் உமக்குச் செய்கிறேன் என்பதற்குள்ளும் ஒரு உயரம் ஒளிந்திருக்கிறது. வீட்டிலேயே கழுவிவிட்டு வருகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அழுக்குக் காலை இன்னொருவர் கையில் கொடுக்க நமக்கு மனசு வரவில்லை. நீ சிரித்தாய், சரி. உன்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னால் கழுவாமல் போவாயா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 63. சின்ன வயதிலிருந்தே ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஓடியவள். சபையில் யார் வீட்டில் பிரசவமோ சாவோ, கஞ்சிப் பாத்திரத்தோடு முதல் ஆளாக நிற்பேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குளிப்பாட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் மருமகள். கல்யாணத்தின்போது, அவர்கள் வீடு நமக்குச் சமமில்லை என்று நான் பேசியது அவளுக்குத் தெரியும். அவள் முகம் சுளிக்காமல் செய்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "யாருக்கும் பாரமாக இல்லாமல் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று தினமும் ஜெபிக்கிறேன். இது சரியான ஜெபமா? (ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்துக் கோணியிருக்கிறது. படுத்தபடி எழுதினீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் ஜெபிக்கிற ஜெபத்தை எல்லாக் கன்வென்ஷனிலும், எல்லா முதியோர் ஜெபக்கூட்டத்திலும் கேட்கிறேன். அதில் பாதி பக்தி, பாதி ரோஷம். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, இப்படியே கிறிஸ்துவினுடைய பிரமாணத்தை நிறைவேற்றுங்கள்" என்று பவுல் எழுதுகிறார் (கலாத்தியர் 6:2). எல்லாரும் சுமக்கவே நின்றுகொண்டு, ஒருவரும் பாரமாக இருக்கச் சம்மதிக்காவிட்டால் இந்தப் பிரமாணம் எப்படி நிறைவேறும்? இவ்வளவு காலமும் நீங்கள் கஞ்சி கொண்டுபோன வீடுகளில் அதை வாங்கிக் குடித்தார்களே, அவர்கள் உங்களுக்குக் கீழே போய்விட்டார்களா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். அப்படியானால் இப்போது நீங்களும் கீழே போகவில்லை. ஒருவேளை உள்ளுக்குள் எங்கோ, அவர்கள் ஒரு படி கீழே என்று நினைத்திருந்தால், இப்போது வலிப்பது அந்த இடம்தான்.

நாம் இயேசுவைக் கொடுக்கிறவராகவே படம் வரைந்து மாட்டியிருக்கிறோம். அவர் வாங்கியதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சமாரியா ஊர்க் கிணற்றடியில், யூதர்கள் ஒட்டாத ஊர்ப் பெண்ணிடம், "தாகத்துக்குத் தா" என்று கேட்டார் (யோவான் 4:7). அவர் உட்கார்ந்து போதித்த படகு சீமோனுடையது. எருசலேமுக்குள் ஏறிப்போன கழுதைக்குட்டி இரவல். கடைசி பஸ்கா சாப்பிட்ட மேல்வீட்டறை இன்னொருவருடையது. அடக்கம் பண்ணின கல்லறை அரிமத்தியா யோசேப்புடையது. யோவன்னாளும் சூசன்னாளும் இன்னும் பல பெண்களும் தங்கள் ஆஸ்திகளால் அவருக்குச் செலவு பார்த்தார்கள் என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார் (8:3). பெண்கள் காசில் சாப்பிட்டார் என்று ஊர் பேசியிருக்காதா? அவர் அதற்காக வெட்கப்பட்டதாக எங்கேயும் இல்லை.

டோனாவூர் அம்மாவை மேலே சொன்னேன். 1931-இல் அவர் கீழே விழுந்து அடிபட்டார். அப்புறம் 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அவர் அறையும் படுக்கையும்தான். அந்தக் காலத்தில் அவர் எழுதிய புத்தகங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு வேறு யோசனை வரும். ஒரு காலத்தில் கைக்குழந்தைகளாகத் தூக்கி வளர்த்த பிள்ளைகளின் கையால், அவர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. எழுதுவதைவிட அது கஷ்டமான ஊழியமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஊரையே தூக்கி நிறுத்தின மனுஷிகளுக்குப் படுத்துக் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் சபை மூதாட்டிகளைப் பார்த்தாலே தெரிகிறதே.

இனி வீட்டு விஷயம். மருமகளிடம், "உன் வீட்டைப் பற்றி நான் பேசினது தப்பும்மா" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். "ஆனால்" என்று எதையும் பின்னால் சேர்க்க வேண்டாம். சொல்லிவிட்டு அழுது புலம்பவும் வேண்டாம். அழுதால் அவள்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், அவளுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அவள் உடனே கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மன்னிப்பதற்கு அவளுக்குத் தோன்றும் நேரத்தை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

அவள் கஞ்சி வைக்கிற விதம் உங்கள் விதம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று விசில் போதுமா, ஐந்து வேண்டுமா என்று படுக்கையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். வைத்தபடி குடியுங்கள். எழுந்து நடக்க டாக்டர் சொல்லியிருந்தால் வாக்கரைப் பிடித்து நடங்கள்; நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டுப் படுத்தே இருந்தால் தேறுவதுதான் தள்ளிப்போகும். அப்புறம், உங்கள் கடிதத்தில் மருமகள் வருகிறாள், ஆண்டவர் வருகிறார், மகன் வரவே இல்லை. அவரையும் கூப்பிடுங்கள். பெற்ற தாய்க்குத் துணி அலசுவதால் ஒரு ஆண்பிள்ளைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஜெபத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். எப்போது எடுத்துக்கொள்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். "இன்றைக்கு இவள் கையால் வாங்கிக்கொள்ள எனக்குப் பெலன் தாரும்" என்று கேளுங்கள். நடக்க ஆரம்பித்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: சபையில் ஆராதனை நடத்துகிறேன், யூடியூபில் பாடல்கள் போடுகிறேன். யாராவது பாராட்டினால், "எல்லா மகிமையும் ஆண்டவருக்கே, நான் வெறும் தூசி" என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் ராத்திரி படுக்கும்போது எத்தனை வியூஸ் என்று பார்க்காமல் தூக்கம் வராது. நான் மாய்மாலக்காரனா? (ஒரு தம்பி, கோயம்புத்தூர்)

பதில்: தூசிக்கு எதற்கு தம்பி எக்கோ வைத்த மைக்?

விளையாட்டுக்குச் சொன்னேன். யாராவது பாட்டு நன்றாக இருந்தது என்றால் "ரொம்ப நன்றி" என்று சொல்லி நிறுத்து. பாராட்டு ஒருவர் தருகிற சின்னப் பரிசு. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை. நீ தூசி என்று சொன்னதும் எதிரில் நிற்பவர், "ஐயோ அப்படிச் சொல்லாதீங்க பிரதர்" என்று இன்னொரு சுற்றுப் பாராட்ட வேண்டியதாகிறது. பேனர்களில் பார்க்கிறேன், பெயருக்கு முன்னால் "தாழ்மையுள்ள ஊழியர்" என்று போட்டு இருபது அடி உயரத்துக்குப் படம். ரோமருக்கு எழுதும்போது பவுல், உன்னைத் தூசி என்று நினை என்று சொல்லவில்லை. எண்ண வேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், "தெளிந்த எண்ணமுள்ளவனாய்" எண்ணச் சொல்கிறார் (12:3). உனக்குக் குரல் இருந்தால் இருக்கிறது. அதை நீ செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வியூஸ் பார்ப்பதை ஒரே நாளில் விட முடியாது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் செய். சபையில் சங்கீதம் தெரிந்த பழைய காயர் மாஸ்டர் யாராவது இருப்பார். உன் பாட்டைப் போட்டுக் காட்டி, சுருதி எங்கே விலகுகிறது என்று கேள். அப்பொல்லோ பெரிய பேச்சாளர், வேதத்தில் வல்லவர். கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரை அழைத்து வைத்துக்கொண்டு, தெரியாததைச் சொல்லிக் கொடுத்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). ஒரு பெண், அதுவும் கூடாரம் தைக்கிறவள், எனக்குப் பாடம் எடுப்பதா என்று அவர் எழுந்து போய்விடவில்லை. காயர் மாஸ்டர் சொல்வதைக் கேட்டு உனக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று கவனி. வியூஸைவிட அது சரியான அளவு காட்டும்.

கேள்வி: என் கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். பெரியவர்களிடம் சொன்னேன். "நீ தாழ்ந்து போம்மா, மனைவிகளுக்குத் தாழ்மை வேண்டும்" என்றார்கள். தாழ்மை என்றால் வாங்கிக்கொண்டே இருப்பதா? (பெயர் வேண்டாம்)

பதில்: இல்லை. இந்தப் பக்கத்தில் நான் வாங்கிக்கொள்வதைப் பற்றி நிறையப் பேசுகிறேன், அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடியை வாங்கிக்கொள்வது அதில் சேராது.

பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தில், கிறிஸ்து "தம்மைத்தாமே" தாழ்த்தினார் என்றுதான் இருக்கிறது. தன்னைத் தாழ்த்துவது தன் கையில் இருக்கிற காரியம். உன் கழுத்தைப் பிடித்து இன்னொருவன் அழுத்துவதை அந்தக் கணக்கில் எழுத முடியாது. பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு பேசாமல் இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பியிலே விசாரணையில்லாமல் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பியபோது பவுல் சம்மதிக்கவில்லை. ரோமக் குடியுரிமை உள்ளவர்களை அடித்தவர்கள், அவர்களே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள் (அப்போஸ்தலர் 16). மனத்தாழ்மையைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதப்பட்ட நிருபம் இந்த ஊர்ச் சபைக்குத்தான் போனது, எழுதியவரும் இதே பவுல்தான்.

மகளே, 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். எந்த நேரத்திலும் கூப்பிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரிடம் மனு கொடுக்கலாம். நீ வாழ்கிற வீட்டிலேயே இருக்கவும் அந்தச் சட்டம் உனக்கு உரிமை தருகிறது. வெளியே தெரிந்தால் குடும்ப கௌரவம் போய்விடும் என்று உன்னைச் சுற்றி நாலு பேர் சொல்வார்கள். அந்தக் கௌரவத்துக்கு இன்னொரு பெயர்தான் இந்த மாதம் நாம் பேசுகிற பெருமை. உதவி கேள். உன் அம்மாவிடம் சொல், நம்பகமான ஒரு தோழியிடம் சொல். உனக்கு அப்படிப் புத்தி சொன்ன பெரியவர்கள் அந்தத் தாழ்மையை முதலில் உன் புருஷனுக்குப் பிரசங்கிக்கட்டும்.

கேள்வி: எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள். வீட்டில் சாதி பேச மாட்டார்கள். ஆனால் அக்காவுக்கு வரன் பார்க்கும்போது விளம்பரத்தில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்று போட்டு அடுத்த வார்த்தை சாதிதான். அப்பாவிடம் கேட்டால், "இது பெருமை இல்லைப்பா, பழக்கம்" என்கிறார். பெருமைக் கணக்கில் இது வருமா? (இளைஞர், சென்னை)

பதில்: வரும் தம்பி. தமிழ்ச் சபையில் பெருமையைப் பற்றிப் பேசினால் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாம் உடுப்பு, நகை, பாட்டு, பதவி எல்லாவற்றையும் கண்டித்துவிட்டு இதை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவோம்.

இன்று நேற்றுப் பேச்சில்லை இது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதமே அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபையில் அதற்குப் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ரோமன் கத்தோலிக்கர் பக்கம், திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவரே நின்றது. 1910-இல்தான் அதை இடித்தார்கள், அதற்கும் வழக்குப் போட்டார்கள்.

அதே 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் பேசினார். இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர் அவர். வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையைப் பார்த்து, நீங்கள் ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கொடுப்பதெல்லாம் கொடுத்துவிட்டு, சமமாகப் பக்கத்தில் உட்காராதவர்களிடம் கேட்ட கேள்வி அது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் தெருவின் கடைசி வீட்டுக்காரர் நம்மைப் பார்த்து இதையே கேட்டால் என்ன சொல்வோம்? கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக்குக் கேக்கும் புதுத்துணியும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர்கள் ஒரு டம்ளர் காப்பி நீட்டினால் "இப்பதான் குடிச்சிட்டு வர்றோம்" என்கிறோம்.

ஒருவர் எவ்வளவு தாழ்மையுள்ளவர் என்று தெரிய, அவர் யாருக்குக் கொடுத்தார் என்று நான் விசாரிப்பதில்லை. யார் வீட்டில் கை நனைத்தார் என்று விசாரிப்பேன். பேதுரு அந்தியோகியாவில் இதிலேதான் வழுக்கினார். யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் மெல்லப் பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). சாப்பாட்டு விஷயம்தானே, பழக்கம்தானே என்று பவுல் விட்டுவிடவில்லை.

எங்கள் ஐயர் ஒரு தேரிக்காட்டுச் சேகரத்துக்கு மாற்றலாகிப் போனபோது நடந்தது இது. முதல் நாளே ஒரு பெரியவர் பார்சனேஜுக்கு (ஐயர் குடியிருக்கிற வீடு) வந்து, கிழக்கே இருக்கிற வீடுகளில் ஜெபம் பண்ணலாம், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க வேண்டாம், மற்றவர்கள் மனசு கஷ்டப்படும் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஐயர் அவரோடு வாதாடவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கிழக்கே போய், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். தொட்டுக்கொள்ள வெங்காயமும் கேட்டாராம். பெரியவர் சில மாதம் நற்கருணைக்கு வரவில்லை. அப்புறம் வந்தார். கடைசிவரை அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை.

அப்பாவோடு நீ வாதாடி ஜெயிக்க மாட்டாய். விளம்பரத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாமா என்று கேள். அக்காவிடமும் கேள். அவளுடைய கல்யாணத்தில் அவளை யாரும் கேட்டதாக உன் கடிதத்தில் இல்லை. உன் முறை வரும்போது உன் விளம்பரத்தை நீயே எழுது.

கேள்வி: தாழ்மைக்காக ஜெபித்தால் ஆண்டவர் அவமானத்தை அனுப்பித்தான் கற்றுக்கொடுப்பார் என்கிறார்களே. பயமாக இருக்கிறது. ஜெபிக்கலாமா? (ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மதுரை)

பதில்: அப்படிப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் பேதுரு, தாழ்மையைத் தாரும் என்று ஜெபிக்கச் சொல்லவில்லை. தேவனுடைய பலத்த கைக்குள் "அடங்கியிருங்கள்" என்கிறார் (1 பேதுரு 5:6). அது நாம் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். வங்கி வேலை எல்லாம் போனுக்குள் போய்விட்டது, பேரனிடம் கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை, அதனால் கரண்ட் பில் கட்ட இன்னும் வெயிலில் வரிசையில் நிற்கிறேன் என்று. இந்த வாரம் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். வேகமாகச் சொல்வான், நடுவில் "தாத்தா, இதுகூடத் தெரியாதா?" என்பான். தெரியாது என்று சொல்லுங்கள். பின் நம்பரை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்.